ஒன்பது மணி மாத்திரை

மருத்துவமனையில் படுத்திருந்த முதல் மூன்று இரவும், என்னை அங்கே கொண்டுவந்து படுக்கவைத்த மாத்திரையை நான் தவறாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன். ஒன்பது மணி ஆனதும் போர்வைக்குள் கைப்பையை இழுத்து, உள்ஜிப்பைத் திறந்து, அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி, ஃபிளாஸ்க் வெந்நீரோடு ஒரே மடக்கு. இடது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும். வலது கையால் இந்தத் திருட்டு. ‘ஒருநாள்கூட விடக் கூடாது’ என்பதுதான் அந்த மாத்திரையைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே விதி. தெரிந்ததை மட்டும் அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

அது கருத்தடை மாத்திரை. எனக்கு வயது நாற்பத்து மூன்று. கல்லூரியில் படிக்கிற மகள் இருக்கிறாள். இந்த மூன்று வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுத இன்னும் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சம்தான் நோய். மற்றதெல்லாம் அதன் அறிகுறிகள்.

எழுதப் படிக்கத் தெரியாதவள் செய்த காரியம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் இருபது வருடமாக நூலகர் வேலை. தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போகிற நேரத்திலும் படித்துக்கொண்டே போகிறவள். பழைய நாவல்களில் யார் யார் என்னென்ன வியாதியில் செத்தார்கள் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். அந்த மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருந்த ஒரு தாளை மட்டும் படிக்கவில்லை. எழுத்து ரொம்பப் பொடியாக இருந்தது.

எங்களுக்கு ஒரே மகள், யாழினி. அவள் பிறந்தபோது, ‘இன்னொண்ணு பெத்த பொறவு பாத்துக்கிடலாம்’ என்று குடும்பக் கட்டுப்பாடு செய்யாமல் விட்டார்கள். அந்த இன்னொன்றுக்கு நேரமும் வரவில்லை, மனசும் வரவில்லை. அப்புறம் காப்பர்-டி போட்டுக்கொண்டேன். கர்ப்பப்பைக்குள் வைக்கிற சின்னச் செம்புக் கம்பி. பத்து வருடம் யாரையும் தொந்தரவு செய்யாமல் அதுபாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்தது. எங்கள் வீட்டில் அப்படி இருந்தது அது ஒன்றுதான். காலம் முடிந்ததும் எடுத்துவிட்டு, ‘அடுத்து என்னன்னு யோசிச்சிட்டு வாங்க’ என்று அனுப்பினார்கள்.

யோசித்தோம். எங்கள் வீட்டுக்காரருக்குச் சத்திரப்பட்டியில் தறி இருக்கிறது. பேண்டேஜ் துணி நெய்து ஊர் ஊராக அனுப்புகிறார். யாராவது கேட்டால், ‘மருத்துவத் துறை’ என்பார். ஆண்களுக்கும் ஒரு ஆபரேஷன் இருக்கிறதாமே, ரொம்பச் சுலபமாமே என்று ஒருநாள் பேச்செடுத்தேன்.

“தறில நின்னு பாடுபடுறவன் நான். நாளப்பின்ன வெயிட்டு தூக்க முடியலைன்னா யாரு வந்து தூக்குவா?”

அவர் தறியில் நின்று பதினைந்து வருடம் ஆகிறது. அவர் தூக்குகிற பெரிய பாரம் செல்போன்.

சரி என்று நானே ஒரு சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த நர்ஸம்மா கையில் வட்டமான ஓர் அட்டை வைத்திருந்தார். மேல்வட்டத்தைச் சுழற்றினால் கீழே எண் தெரியும். இந்த உடம்புக்கு இந்த முறை ஆகும், இது பெரும்பாலும் ஆகும், இது பெரும்பாலும் ஆகாது, இது ஆகவே ஆகாது என்று நான்கு வகை. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற மாதிரி இதற்கும் பொருத்தம் உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது. கிளி ஜோசியம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கேட்க ஆரம்பித்தார். சத்தமாகக் கேட்டார்.

“வயசு? கடைசியாத் தலைக்கு ஊத்துனது எப்ப? பிரஷர் இருக்கா? தலைவலி வருமா? வாரதுக்கு முன்னாடி கண்ணுல வெளிச்சம், வளைஞ்சு வளைஞ்சு ஏதும் தெரியுமா?”

வரும். தெரியும். இருபது வயதிலிருந்து எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. அது வருவதற்கு அரைமணி முன்னால் கண்ணோரத்தில் ரம்பப் பல் மாதிரி ஓர் ஒளி நெளிந்துகொண்டே போகும். அதை ரகசியமாக ஒரு பெருமை மாதிரி வைத்திருந்தேன். ஞானிகளுக்கு ஒளி தெரியுமாமே. அதைப்போய் இந்தம்மாவிடம் சொல்லவா என்று நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வி வந்தது.

“பீடி, சிகரெட்டு, புகையில எதுவும் பழக்கம் உண்டா?”

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றது எங்கள் கல்லூரி அட்டெண்டரின் மனைவி. நான் நிமிர்ந்து, “என்னப் பாத்தா எப்படித் தெரியுது ஒங்களுக்கு?” என்றேன்.

“எல்லார்கிட்டயும் கேக்குறதுதாங்க. கால் வீக்கம், ரத்தம் கட்டுனது, வீட்டுல யாருக்காவது…”

“பொறவு வாரேன்” என்று எழுந்துவிட்டேன்.

“பிரஷராவது பாத்துட்டுப் போங்க. ஏங்க! மாத்திரைய வெளிய வாங்கிப் போட்டுராதீங்க!” என்று அவர் சொன்னது தெருவரைக்கும் கேட்டது. அட்டெண்டர் மனைவிக்குக் கேட்டதா என்றுதான் நான் திரும்பிப் பார்த்தேன்.

மறுநாள் ராஜபாளையத்தில் ஒரு மருந்துக் கடையில் சீட்டை நீட்டினேன். சீட்டிலிருந்த பெயர், கல்லூரியில் என்னோடு வேலை பார்க்கும் பெண் சொன்னது. அவளுக்கு அது நன்றாக ஒத்துக்கொண்டதாம். அவளுக்கு வயது இருபத்தாறு, தலைவலி என்றால் என்னவென்றே தெரியாதவள் என்பதெல்லாம் எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. கடைக்காரர் ஒரு கேள்வி கேட்கவில்லை. முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கறுப்புக் கவரில் போட்டு முடிச்சிட்டுக் கொடுத்தார். எவ்வளவு மரியாதையான மனிதர் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். என் உயிரைப் பற்றி அக்கறையாகக் கேட்டவர் பண்பில்லாதவர், கேட்காதவர் பண்பாளர். இருபது வருடம் புத்தகங்களோடு இருந்து நான் கற்றுக்கொண்ட மனித சாஸ்திரம் இது.

மூன்றாவது மாதம் தலைவலி வந்தது. எனக்குப் பழக்கமான தலைவலி ஒருநாள் இருந்துவிட்டுப் போகிற விருந்தாளி. இது போகவில்லை. படுத்தால் கூடியது, உட்கார்ந்தால் கொஞ்சம் குறைந்தது. காலையில் எழுந்ததும் குமட்டல். கீழ்த்தட்டில் புத்தகம் எடுக்கக் குனிந்தால் சில விநாடிகள் கண் இருட்டிக்கொண்டு வந்தது, யாரோ சுவிட்சை அணைத்துப் போடுகிற மாதிரி. நான் என்ன செய்தேன்? கண்ணாடிக் கடைக்குப் போய்ப் புதுக் கண்ணாடி வாங்கினேன். புதுக் கண்ணாடி அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆறாவது நாள், ஒரு திங்கட்கிழமை, அந்தக் கண்ணாடியோடு நூலகத்து மேஜைமேல் வாந்தி எடுத்தேன். பெண்ணொருத்தி திருப்பித் தந்த புத்தகத்தில் பெயர் எழுத முயன்றபோது, அவளுடைய முகமே இரண்டாக இருந்தது.

ராஜபாளையத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். தலையை சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். ‘தலையில ஒண்ணுமில்ல’ என்பதை எங்கள் வீட்டுக்காரர் போனில் பத்துப் பேரிடம் சொன்னார். யாருமே ஆச்சரியப்படவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், போய்ப் பார்க்காதவர் பகையாளி. சாயங்காலத்துக்குள் கட்டிலைச் சுற்றி ஒன்பது பேர். ஹார்லிக்ஸ் பாட்டில்கள் ஜன்னலில் அணிவகுத்தன. நடுநாயகமாகத் தளவாய்புரத்து மதினி. எங்கள் வீட்டுக்காரரின் அக்கா. நல்ல மனுஷி. என் தலைமாட்டை விட்டு அகலாமல், வருகிற எல்லோருக்கும் என் வியாதியை அவரே சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோதும் ஒருவர்கூட நகரவில்லை. நகர்ந்தால் அக்கறை இல்லை என்று ஆகிவிடும்.

“வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்றார் டாக்டர்.

ஒன்பது ஜோடிக் கண்கள்.

“இல்ல டாக்டர்.”

எங்கள் வீட்டுக்காரர் கால்மாட்டில் நின்றார். அவருக்குத் தெரியும். வீட்டில் தினமும் ஒன்பது மணிக்கு, ‘போட்டுட்டியா?’ என்று கேட்கிறவரே அவர்தான். அவர் சுவரிலிருந்த தினசரி காலண்டரில் ராகுகாலம் பார்க்க ஆரம்பித்தார். இதை எழுதுகிற இந்த நிமிடம்வரை அவரை நான் மன்னிக்காதது ஆபரேஷனுக்கு மறுத்ததற்காக அல்ல, அந்த ராகுகாலத்துக்காக.

ஒற்றைத் தலைவலிதான் முற்றிவிட்டது என்று ஊசி போட்டார்கள். தூங்கினேன், விழித்தேன், வாந்தியெடுத்தேன், ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அப்படியே போயின. வியாழக்கிழமை மதுரையிலிருந்து வாரம் ஒருமுறை வருகிற நரம்பு டாக்டர் வந்தார். சின்ன விளக்கைக் கண்ணுக்குள் அடித்து வெகுநேரம் பார்த்தார். அவருடைய மூச்சு என் கன்னத்தில் பட்டது. ஏலக்காய் வாசனை. நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

“கண்ணுக்குப் பின்னாடி நரம்பு வீங்கியிருக்கும்மா. தலைக்குள்ள அழுத்தம் கூடியிருக்கு. எம்.ஆர்.ஐ. எடுக்கணும். ஒண்ணு கேக்குறேன். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை ஏதாவது போடுறீங்களா?”

நான் வாயைத் திறக்கும் முன்னால் மதினி சிரித்துவிட்டார். “நல்லாக் கேட்டீக போங்க! அவ மகளுக்கு மாப்பிள பாக்குற காலம் வந்தாச்சு. இந்த வயசுல மாத்திரையா!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தலை விண்ணென்று தெறித்தது.

“இல்ல டாக்டர்” என்றேன், இரண்டாம் முறையாக.

அவர் ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். அவரோடு வந்த நர்ஸ் ஜெபசெல்வி மட்டும் போகவில்லை. முப்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கட்டைக் குரல்.

“எல்லாரும் செத்த வெளிய நில்லுங்க. பெட்பேன் வைக்கணும்.”

“எனக்கு இப்ப வேண்டாமேம்மா” என்றேன்.

“வேணும்” என்றார் ஜெபசெல்வி.

பெட்பேன் என்ற சொல்லுக்கு இருக்கிற சக்தி வேறெந்தச் சொல்லுக்கும் கிடையாது. ஒன்பது பேரும் முப்பது விநாடியில் வெளியே. மதினிகூட. கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு ஜெபசெல்வி என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். கையில் பெட்பேன் எதுவும் இல்லை.

“இப்பச் சொல்லுங்கக்கா.”

“என்னத்த?”

“டாக்டர் கேட்டதுக்குப் பதில. நான் எட்டு வருஷமா நர்ஸு. ஆள் இருக்கையில ஒரு பதில் வரும். பெட்பேன்னு சொன்ன பொறவு ஒரு பதில் வரும். ரெண்டாவதுதான் நெசம்.”

நான் கைப்பையைக் காட்டினேன். அவர் உள்ஜிப்பைத் திறந்து அட்டையை எடுத்தார். காலியாக இருந்த குழிகளை விரலால் எண்ணினார். கடைசிக் குழியில் விரல் நின்றது.

“நேத்தும் போட்டீகளா?”

“ஒம்பது மணிக்கு.”

“எங்க வச்சு?”

“இங்கதான். மூணு நாளும்.”

“ஆண்டவரே!” என்று நெற்றியில் கை வைத்தார். “நாங்க ஒருபக்கம் வைத்தியம் பாக்கோம், நீங்க ஒருபக்கம் அதுக்கு எதிர் வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்கீக. படிச்சவுகதானக்கா நீங்க?”

“நூலகர்” என்றேன். அந்த நேரத்தில் அதை எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் ஓடினார். நரம்பு டாக்டர் திரும்பி வந்து, எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கி, அதில் ஒரு வரி சேர்த்தார். தலையிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவருகிற சிரைகளைத் தனியாகப் படமெடுக்கச் சொல்லும் வரி. எனக்குப் பார்வை இருக்குமா போகுமா என்பது அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது மூன்று நாள் முன்பே எழுதியிருக்க வேண்டிய வரி.

எம்.ஆர்.ஐ. எந்திரத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். தறிச்சாலைக்குள் தலையை விட்ட மாதிரி சத்தம். எனக்குப் பழகிய சத்தம்தான். முடிந்து வந்ததும் டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். வெளியே ஒன்பது பேர். உள்ளே அவரும் ஜெபசெல்வியும் நாங்கள் இரண்டு பேரும்.

“மூளைக்குப் போன ரத்தம் திரும்பி வரணுமில்லையா? வாறுகால் மாதிரி பெரிய சிரைகள் இருக்கு. அதுல ஒண்ணுல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு. வாறுகால் அடைச்சா தெருவுல தண்ணி நிக்கும். அந்த மாதிரி தலைக்குள்ள அழுத்தம். அது கண் நரம்ப அமுக்குது. இந்த மாத்திரையில ஈஸ்ட்ரோஜன்னு ஒரு ஹார்மோன் இருக்கு. அது ரத்தம் உறையுற குணத்தைக் கூட்டும். பெரும்பாலானவங்களுக்கு அதனால ஒண்ணும் ஆகாது. நிறையப் பேர் வருஷக்கணக்கா நல்லாப் போடுறாங்க. ஆனா வெளிச்சம் தெரிஞ்சு வர்ற தலைவலி இருந்தாலோ, முப்பத்தஞ்சு வயசுக்கு மேல சிகரெட் குடிச்சாலோ, பிரஷர் இருந்தாலோ, முன்னாடி எங்கயாவது ரத்தம் கட்டியிருந்தாலோ இது ஆகாது. உங்களுக்கு வந்த அன்னிக்கிருந்தே பிரஷரும் கூடத்தான் இருக்கு. யாரும் உங்ககிட்ட இதெல்லாம் கேக்கலையா?”

“கேட்டாங்க” என்றேன். “நான் எந்திரிச்சு வந்துட்டேன்.”

“பார்வை தப்பிக்குமா?” என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார்.

“ரத்தம் மேல உறையாம இருக்க ஊசி போடுறோம். அழுத்தம் குறைய மாத்திரை தர்றோம். வீக்கம் வடிஞ்சா தப்பிக்கும். வடியலைன்னா கண் நரம்பு செத்துப்போகும். செத்தா திரும்பாது. இந்த வாரம் தெரிஞ்சிரும்.”

அந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான் உண்மையில் எழுத உட்கார்ந்தேன். எழுத வரமாட்டேன் என்கிறது.

வயிற்றில் காலை ஒன்று, மாலை ஒன்று ஊசி. தொப்புளைச் சுற்றிக் கறுப்பும் நீலமுமாகக் கன்றிப்போய், வயிறு உலக வரைபடம் மாதிரி ஆனது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். ரத்தம் உறைந்தால் கண் போகும், உறையாமலே போனால் வேறெங்காவது கசியும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல்மேல் நடக்க வேண்டியது என் உடம்பு. அது இதுவரை மாடிப்படியில்கூட ஒழுங்காக நடந்ததில்லை.

எதிர்ச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. எவ்வளவு தெரிகிறது என்று நான் அதை வைத்தே சோதித்துக்கொண்டேன். பெரிய சிவப்புத் தேதி, அதற்குக் கீழே கிழமை, அதற்கும் கீழே ராகுகாலம், அடியில் பொடி எழுத்தில் ஒரு பொன்மொழி. வெள்ளிக்கிழமை காலை ராகுகாலம் மங்கல். சனிக்கிழமை கிழமையே மங்கல். ஞாயிற்றுக்கிழமை தேதி தெரிந்தது. ஆனால் அது ஓர் இலக்கமா இரண்டு இலக்கமா என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பொய் சொல்வது பழகிவிட்டிருந்தது. பார்வை போன நூலகரை எந்தப் பிரிவில் அடுக்குவார்கள் என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன். கிழிந்த புத்தகங்களை அட்டவணையிலிருந்து நீக்க எங்களிடம் ஒரு படிவம் உண்டு. காரணம் என்ற கட்டத்தில், ‘பயன்படுத்த இயலாத நிலை’ என்று நானே எத்தனை முறை எழுதியிருக்கிறேன்!

ஞாயிறு மத்தியானம் யாழினி வந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. ஜெபசெல்வி, ‘கிருமி தொத்தும்’ என்று சொல்லி ஒன்பது பேரையும் விரட்டியிருந்தார். கிருமிக்கும் இந்த வியாதிக்கும் சம்பந்தமே கிடையாது. யாழினி வீட்டு அலமாரியிலிருந்து மாத்திரைப் பெட்டியைக் கண்டுபிடித்து எடுத்து வந்திருந்தாள். உள்ளேயிருந்த தாளைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“ஏம்மா அங்கிட்டுத் திரும்புத? நான் பத்தொம்போது வயசு ஆளு. எங்க கிளாஸ்ல எல்லாத்துக்கும் இது தெரியும்.” கொஞ்ச நேரம் மனதுக்குள் படித்தாள். “யாரெல்லாம் போடக் கூடாதுன்னு ஒரு வரிசை போட்டிருக்கான். படிக்கட்டா?”

“வேண்டாம்.”

“படிக்கேன். கேளு.” படித்தாள். வாசிப்பதில் என் மகள் கெட்டிக்காரி, நிறுத்தி நிதானமாக. முடித்துவிட்டு, “இதுல நீ ரெண்டு எடத்துல இருக்கம்மா” என்றாள். “பிரஷர், தலைவலி. அப்பா ஒண்ணுலயும் இல்ல.”

“அப்பா எப்படிடீ இருப்பாரு?”

“அதத்தான் நானும் சொல்லுதேன்.”

தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு தலையணைப் பக்கத்தில் உட்கார்ந்து என் சிக்குத் தலையைச் சீவ ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் தலைக்குள் அழுத்தம் கூடும் என்று சொல்லியிருந்ததால் அதையும் ஒழுங்காக அழ முடியவில்லை.

அன்று சாயங்காலம் நானே டாக்டரைக் கூப்பிடச் சொல்லி, “காலண்டர் தெரியலை” என்று சொன்னேன். மாத்திரை அளவைக் கூட்டினார்கள். முதுகுத்தண்டில் ஊசியேற்றி நீரை எடுக்க வேண்டியிருக்குமோ என்று வெளியே நின்று பேசினார்கள். எங்கள் வீட்டுக்காரர் அன்றிலிருந்து தறிப்பக்கம் போகவில்லை. காப்பீட்டுப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு கவுண்டர் கவுண்டராக அலைந்தார். சாத்துக்குடி உரித்தார், பாதிப் பழம் தோலோடு போனது. திங்கட்கிழமை எனக்குச் சடை பின்னிவிட்டார். இத்தனை வருடம் தறி வைத்திருப்பவர் பின்னியது, கட்டிலை விட்டு நான் எழுந்திருக்கும் முன்னால் அவிழ்ந்துவிட்டது.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா, தலவலி மாறி வருதுன்னு” என்றார்.

“டாக்டர் கேக்கையில நீங்க சொல்லியிருக்கலாம்லா?”

“நீ இல்லன்னுட்ட. அக்கா பக்கத்துல நிக்கா. நான் எப்படி உண்டுன்னு சொல்ல?”

இதுதான் எங்கள் இருபது வருடத் தாம்பத்தியத்தின் சுருக்கம். நான் இல்லை என்றால் அவர் உண்டு என்று சொல்ல மாட்டார். அக்கா பக்கத்தில் நிற்பார்.

செவ்வாய்க்கிழமை கிழமை தெரிந்தது. புதன்கிழமை ராகுகாலம் தெரிந்தது. வியாழக்கிழமை நரம்பு டாக்டர் வந்து விளக்கடித்துப் பார்த்து, “வடியுது” என்றார். முதுகு ஊசி தேவைப்படவில்லை. சனிக்கிழமை அந்தப் பொன்மொழியைப் படித்தேன். ‘பொறுமை கடலினும் பெரிது’ என்று போட்டிருந்தது. இதற்காகவா இவ்வளவு பாடு என்று இருந்தது.

தப்பியது முழுசாக அல்ல. இடது கண்ணின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு புகைமூட்டம் நின்றுவிட்டது. அது இனி போகாது என்கிறார்கள். பஸ்ஸில் இடப்பக்கம் உட்கார்கிறவர்களை நான் பார்க்காமல் போவதாகச் சிலர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். கர்வம் பிடித்தவள் என்று பேச்சு. அது உண்மைதான், ஆனால் காரணம் வேறு.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்தார். ரத்தம் உறையாமல் இருக்க இன்னும் பல மாதம் மாத்திரை போட வேண்டும். அது போடுகிற காலத்தில் கர்ப்பம் ஆகவே கூடாது, குழந்தைக்கு ஆபத்து. ஈஸ்ட்ரோஜன் உள்ள எதுவும் இந்த ஜென்மத்தில் எனக்கு ஆகாது. காப்பர்-டி போடலாம், ஆனால் இந்த மருந்தோடு மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகக்கூடும். வேறு சில முறைகளும் உண்டு, மகப்பேறு டாக்டரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

“அல்லது, உங்களுக்குப் பத்து இருபது நிமிஷ வேலை.”

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் குனிந்து, “இவளுக்கு நாப்பத்து மூணு ஆச்சே சார். இன்னும் ரெண்டு மூணு வருஷம் பொறுத்தா தன்னால நின்னுரும்லா?” என்றார்.

கதவருகில் நின்ற ஜெபசெல்விதான் பதில் சொன்னார். “அதுவரைக்கும் அண்ணன் சாமியாராப் போறீகளா?”

போனார். சாமியாராக அல்ல, ஆபரேஷனுக்கு. அங்கேயும் அவரிடம் கேள்விகள் கேட்டார்களாம்: சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாத வியாதி உண்டா, குடலிறக்கம் உண்டா, சம்மதம்தானா. எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாராம். கத்தி பெரிதாக வைக்கவே இல்லை, ஒரு சின்னத் துளைதான். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். உடனே பலிக்காது, மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை செய்து உறுதியான பிறகுதான் நம்பலாம், அதுவரை வேறு பாதுகாப்பு வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். யாராவது கேட்டால் குடலிறக்கம் என்று சொல்ல வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. மூன்று நாள் படுத்திருந்தார். அரிசிக் கஞ்சி, ஆட்டுக்கால் சூப், தலைமாட்டில் மின்விசிறி. நான் பன்னிரண்டு நாள் படுத்தபோது கேட்காத முனகலை அந்த மூன்று நாளில் கேட்டேன்.

இரண்டாம் நாள் தளவாய்புரத்து மதினி சாத்துக்குடிப் பையோடு வந்து இறங்கினார். “எந்தம்பிக்கு என்னாச்சு?” என்றார். எங்கள் வீட்டுக்காரர் வாயைத் திறக்கும் முன்னால் யாழினி சொல்லிவிட்டாள்.

“அப்பாவுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், அத்த.”

மதினி கட்டிலில் உட்கார்ந்தார். தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மதினி என் பக்கம் திரும்பினார். எனக்கு மாத்திரையால் வந்தது, கண் போகவிருந்தது, ரத்தக் கட்டி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சொல்லாததையெல்லாம் சேர்த்துச் சொன்னேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“அதெல்லாஞ் சரித்தா மகேசு,” என்றார் மதினி. “தலவலி வந்தது ஒனக்கு. ஆபரேசன் எந்தம்பிக்கா? இந்த டாக்டருக எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சாகளோ!”